ரீசெட் போடும் முன்: டேப், ஆப், ஆன்லைன் ஃபாரம் – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்கள் பலவற்றின் கடைசி வரி ஒன்றுதான்: “கடையில ரீசெட் போட்டாச் சரியாயிரும்ங்கறாங்க, போட்டுரலாமுங்களா?” கீழே உள்ள கோளாறுகளில் ரீசெட் தேவைப்படக்கூடியது ஒன்றே ஒன்று. மற்றதற்கெல்லாம் அது வீண் வேலை. சிலவற்றில் இருப்பதையும் அழித்துவிடும்.

பனியன் கம்பெனி செக்கிங் பிரிவு, திருப்பூர்: செக்கிங் டேபிள்ல வெச்சிருக்கற டேப், ராத்திரி பூரா சார்ஜ் போட்டாலும் காலையில 40 சதவீதத்தைத் தாண்ட மாட்டேங்குதுங்க. ஒயரை லேசா அசைச்சா சார்ஜ் நின்னுருது. பேட்டரியை மாத்தணும்ங்கறாங்க. மாத்தலாமா?

பேட்டரி இருக்கட்டும், முதலில் சார்ஜ் போடும் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நிட்டிங், கட்டிங், செக்கிங் நடக்கும் இடத்தில் காற்றில் பஞ்சு மிதந்துகொண்டே இருக்கும். அது சி-டைப் ஓட்டைக்குள் போய் உட்காருகிறது. ஒவ்வொரு முறை ஒயரைச் செருகும்போதும் அந்தப் பஞ்சை நாமே உள்சுவரோடு சேர்த்து அழுத்துகிறோம். சில மாதத்தில் அது தக்கை போல் கெட்டியாகிவிடும். பிறகு பின் முழுதாக உள்ளே போகாது, பிடிப்பும் இருக்காது. புது ஒயரைச் செருகினாலும் ‘டக்’கென்று உட்காராமல், பின்னின் உலோக விளிம்பு வெளியே தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், பஞ்சுதான்.

எடுக்கும் முறை: டேப்பை முழுதாக ஆஃப் செய்யுங்கள். மரத்தாலான பல்குச்சியின் முனையைக் கொஞ்சம் தட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள். ஓட்டையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும். தொடுமுனைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அதன் மேல் அழுத்தக் கூடாது. நாக்கைச் சுற்றியுள்ள சந்தில் குச்சியை விட்டு, உள்சுவரிலிருந்து பஞ்சைக் கிளறி வெளியே இழுங்கள். குண்டூசி, சேஃப்டி பின், சிம் ஊசி மூன்றும் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். கம்பெனியில் ஏர் கன் இருக்கிறதே என்று அதை வைத்து அடித்துவிடாதீர்கள். கம்ப்ரசர் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் மிக அதிகம்.

பஞ்சை எடுத்தும் மெதுவாகத்தான் ஏறுகிறது என்றால் எதில் சார்ஜ் போடுகிறீர்கள் என்று பாருங்கள். கம்ப்யூட்டரின் பழைய யு.எஸ்.பி. துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். 7,000 எம்ஏஎச் பேட்டரி என்பது சுமார் 27 வாட்-மணி. கணக்குப்படியே 11 மணி நேரம் ஆகும், வழியில் வீணாவதைச் சேர்த்தால் இன்னும் கூடும். திரையும் எரிந்துகொண்டிருந்தால் ஏறுவதும் இறங்குவதும் சமம்தான். சார்ஜர் கட்டையின் மேல் ‘அவுட்புட்’ என்ற வரியில் 5 வோல்ட் 2 ஆம்பியராவது இருக்க வேண்டும். அதில் நான்கு மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். இரண்டு மீட்டர் நீளமுள்ள மெல்லிய மலிவு ஒயரும் மின்சாரத்தைத் தின்னும். இவ்வளவும் சரியாக இருந்து, ஏறிய சார்ஜ் நிற்காமல் இறங்கினால்தான் பேட்டரியைப் பற்றி யோசிக்க வேண்டும். சார்ஜ் போடாத நேரத்தில் ஓட்டையை மூட ரப்பர் மூடி கிடைக்கிறது. உங்கள் இடத்துக்கு அது அவசியம்.

களப்பணியாளர், தாளவாடி: ஊர் ஊராப் போய் டேப்ல கணக்கெடுக்கறோம், கோபோ கலெக்ட் ஆப்புலீங்க. லொகேஷன் கேக்கற இடத்துல சுத்திக்கிட்டே இருக்குது. அதுபோக, நிரப்புன ஃபாரம் எதுவும் ஆபீசுக்கு வரலைங்கறாங்க. ஆப்பை அழிச்சுட்டு மறுக்காப் போட்டாச் சரியாகும்னு கூட வேலை செய்யறவரு சொல்றாரு.

அழிக்கவே அழிக்காதீர்கள். அனுப்பாத ஃபாரம் எல்லாம் அந்த டேப்புக்குள், அந்த ஆப்பின் சொந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஆப்பை அழித்தால் அவையும் போய்விடும், திரும்ப எடுக்க வழி கிடையாது. செட்டிங்ஸில் ஆப்பைத் தொட்டால் வரும் இரண்டு பட்டன்களின் வித்தியாசமும் இதுவே. ‘கிளியர் கேஷ்’ என்பது தற்காலிகக் குப்பையை மட்டும் கூட்டும். ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்பது வீட்டையே காலி செய்வது. ஃபாரம் அனுப்பும் எந்த ஆப்பிலும் இரண்டாவதைத் தொடும் முன், அனுப்பாமல் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஆப்பின் முதல் திரையில் ‘டிராஃப்ட்ஸ்’, ‘ரெடி டு சென்ட்’, ‘சென்ட்’ என மூன்று பட்டியல் இருக்கும். உங்கள் ஃபாரங்கள் டிராஃப்ட்ஸில் கிடந்தால் அவை அரைகுறை என்று ஆப் நினைக்கிறது, சிக்னல் இருந்தாலும் அனுப்பாது. ஒவ்வொன்றாகத் திறந்து கடைசித் திரைக்குப் போய் ‘ஃபைனலைஸ்’ கொடுங்கள். கட்டாயக் கேள்வி ஏதாவது விட்டுப்போயிருந்தால் அந்த இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்தும். ரெடி டு சென்டில் இருந்தும் போகவில்லை என்றால் சிக்னல்தான் காரணமாக இருக்கும். ஃபாரத்தில் போட்டோ சேர்ந்திருந்தால் சுமை கூடிவிடும், மலைமேல் கிடைக்கும் ஒற்றைக் கோட்டில் பாதியில் அறுந்துவிடும். அறுந்தாலும் ஃபாரம் அப்படியே இருக்கும். வைஃபை கிடைக்கும் இடத்தில் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். செட்டிங்ஸில் ஃபார்ம் மேனேஜ்மென்ட் பகுதியில் ‘ஆட்டோ சென்ட்’ இருக்கிறது. அதை வைஃபைக்கு மட்டும் என்று வைத்துவிட்டால் தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி லொகேஷன். முதலில், உங்கள் டேப்பில் ஜி.பி.எஸ். சிப் இருக்கிறதா என்று பாருங்கள். சிம் போடாத, வைஃபை மட்டும் உள்ள டேப்கள் பலவற்றில் அது இருக்காது. வைஃபை ஐபேடில் கிடையவே கிடையாது. அருகிலுள்ள வைஃபையை வைத்து இடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்பவை அவை. காட்டில் அது எடுபடாது.

சிப் இருந்தும் தாமதமானால் காரணம் வேறு. செயற்கைக்கோள் தான் எங்கே இருக்கிறேன் என்ற விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு சுற்று முடிய 30 வினாடி. எல்லாச் செயற்கைக்கோள்களின் அட்டவணையும் முழுதாக வந்து சேர பன்னிரண்டரை நிமிடம். ஊருக்குள் நமக்கு இது தெரிவதில்லை, ஏனென்றால் டேப் அந்த விவரத்தை இன்டர்நெட் வழியாக நொடியில் எடுத்துக்கொள்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் அது வானத்தைப் பார்த்துக் காத்திருக்கத்தான் வேண்டும். எனவே திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் முன், பண்ணாரியிலோ சத்தியிலோ நெட் கிடைக்கும்போதே மேப்பைத் திறந்து இடத்தைக் காட்டவிடுங்கள். அந்த விவரம் சில மணி நேரம் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் ஓட்டுக்கூரை, தகரக்கூரை, ஜீப், அடர்ந்த மரநிழல் இவற்றை விட்டு வெட்டவெளிக்கு வந்து, டேப்பைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். திரையில் ‘அக்யூரசி’ எண் 80, 40, 12 என்று இறங்கும். 5 மீட்டர் அளவுக்கு வந்தால் நல்ல பதிவு. அவசரப்பட்டு 60 மீட்டரில் பதிவு செய்தால் அடுத்த தோட்டத்துக்காரர் நிலத்தில் புள்ளி விழுந்திருக்கும்.

தறிப்பட்டறை உரிமையாளர், பல்லடம்: மின்னஞ்சல் முகவரியைச் சரியாத்தான் அடிக்கிறேன். ‘இன்வேலிட்’னே வருது.

கீபோர்டு உங்கள் முகவரியைத் தானே எடுத்துக்கொடுக்கும்போது கடைசியில் ஒரு ஸ்பேஸும் சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. முகவரியின் முடிவில் விரலை வைத்து ஒரு முறை பின்னால் அழியுங்கள். எழுத்து போகாமல் கோடு மட்டும் நகர்ந்தால் அதுதான் பிழை. போன் எண்ணை வாட்ஸ்ஆப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போதும் இதே கதை. அங்கே +91-உம் நடுவில் இடைவெளியும் கூடவே வரும், பத்து இலக்கக் கட்டம் ஏற்காது.

வாசகி, உடுமலை: எங்க அப்பாரு பஞ்சாலையில வேலை பாத்து பி.எஃப். பென்ஷன் வாங்கறாரு. கைரேகை மெஷின்ல விழவே மாட்டேங்குது. போன்ல முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்று குடுக்கலாம்னு பாத்தா, அதுலயும் பாதியில நின்னுருது.

ஆலையில் பல வருடம் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்துபோவது சகஜம். வயதானால் தோலும் உலர்ந்துவிடும். அதற்காக அவரை ஒவ்வொரு சென்டராக அலைய வைக்க வேண்டியதில்லை. பி.எஃப். பென்ஷன்காரர்கள் 2022 முதல் முக அடையாளம் வழியாகவே சான்று தரலாம்.

இரண்டு ஆப் வேண்டும்: ‘ஜீவன் பிரமாண்’, ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’. இரண்டாவதை நிறுவிய பிறகு திரையில் எங்கேயும் அதன் படம் தெரியாது, ‘ஓபன்’ பட்டனும் இருக்காது. நிறுவவில்லை போலிருக்கிறது என்று பலர் மறுபடி மறுபடி தேடுகிறார்கள். அது பின்னணியில் மட்டும் வேலை செய்வது, செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

அடுத்த குழப்பம் ‘ஆபரேட்டர்’. போனைக் கையாளும் நீங்கள்தான் ஆபரேட்டர். முதலில் உங்கள் ஆதார், போன் எண், மின்னஞ்சல் கொடுத்து ஓ.டி.பி. போட்டு உங்கள் முகத்தைப் பதிய வேண்டும். அதன் பிறகுதான் பென்ஷன்தாரர் பக்கம் திறக்கும். ஆபரேட்டர் திரையிலேயே பென்ஷன்தாரரின் முகத்தைக் காட்டினால் ஆதார் எண்ணோடு பொருந்தாது, நின்றுவிடும். ஒருவர் ஆபரேட்டராகப் பதிந்துவிட்டால் தெருவில் உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் செய்து கொடுக்கலாம்.

முகம் எடுக்கும்போது வெளிச்சம் முகத்துக்கு எதிரில் இருக்க வேண்டும். திண்ணையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகத்தான் விழும். கேமராக் கண்ணாடியை வேட்டி நுனியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள். தலைத்துண்டு, மூக்குக்கண்ணாடி இரண்டையும் எடுத்துவிட்டு, சொல்லும்போது கண்ணை நிதானமாக மூடித் திறக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு இந்த இடத்தில்தான் நேரம் பிடிக்கும், இரண்டு மூன்று முறை ஆகலாம்.

விவரம் நிரப்பும்போது பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் இ.பி.எஃப்.ஓ.வைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் மேலே இருக்கிறதே என்று வேறு துறையைத் தொட்டுவிட்டால் சான்று உருவாகும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பென்ஷன் ஆணையில் உள்ள பி.பி.ஓ. எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் காகிதத்தைப் பார்த்தே அடியுங்கள். மறுவேலையில் இருக்கிறாரா, மறுமணம் ஆனதா என்ற கேள்விகளில் கை தவறி ‘ஆம்’ விழுந்துவிடக் கூடாது. முடிந்ததும் எஸ்.எம்.எஸ்.ஸில் பிரமாண் ஐ.டி. வரும், அதைக் காலண்டரில் எழுதி வையுங்கள். பி.எஃப். பென்ஷனுக்கு நவம்பர் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து 12 மாதம் செல்லும்.

கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்: விண்ணப்பத்துல போட்டோ 50 கேபிக்குள்ள, ஜேபிஜியா இருக்கணும்ங்கறாங்க. என் போட்டோ 4 எம்பி. பேரை மாத்தி ‘ஜேபிஜி’ன்னு போட்டுப் பாத்தேன், அப்பவும் ஏத்துக்கலை.

பெயரை மாற்றினால் கோப்பு மாறாது. ஐபோன் 2017-லிருந்து ‘ஹெய்க்’ என்ற வடிவத்தில் படத்தைச் சேமிக்கிறது, சில ஆண்ட்ராய்டு போன்களிலும் ‘ஹை எஃபிஷியன்சி’ என்று அதே ஏற்பாடு உண்டு. ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வைத்துவிட்டுப் புதிதாகப் படம் எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவதும் உதவாது, பல போன்களில் அது பிஎன்ஜியாகவே சேமிக்கப்படும்.

அளவைக் குறைப்பதில் வரிசை முக்கியம். முதலில் வெட்டுங்கள்: தலை முதல் தோள் வரை போக மிச்சம் எல்லாம் தேவையற்ற சுமை. பிறகு பிக்சலைக் குறையுங்கள். பாஸ்போர்ட் அளவான 3.5 x 4.5 சென்டிமீட்டருக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில் 276 x 354 பிக்சல் போதும். கேலரியில் ‘எடிட்’ உள்ளே ‘ரீசைஸ்’ இருந்தால் அதிலேயே முடியும். இந்த அளவில் சேமித்தாலே ஜேபிஜி பெரும்பாலும் 50 கேபிக்குள் வந்துவிடும். வராவிட்டால் மட்டும் தரத்தைக் குறையுங்கள். பலர் 4 எம்பி படத்தின் தரத்தை நேராக அடிமட்டத்துக்கு இறக்குகிறார்கள், முகம் கட்டம் கட்டமாகிவிடுகிறது, பிறகு நிராகரிக்கிறார்கள். பின்புறம் பூவேலைத் திரைச்சீலையாக இருந்தாலும் கேபி கூடும். வெள்ளைச் சுவர் அதற்காகவும் நல்லது.

மிகச் சிறியதாகவும் போய்விடக் கூடாது. ஃபாரத்தில் ‘20 முதல் 50’ என்று போட்டிருந்தால் 14 கேபியும் தோல்விதான். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு, நேர் மேலிருந்து நிழல் விழாமல் எடுத்து, ஓரம் ஒட்டி வெட்டுங்கள். சான்றிதழ்களுக்கு கூகுள் டிரைவ் ஆப்பில் உள்ள ஸ்கேன் வசதி போதும், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பிடிஎஃப் இளைத்துவிடும். ‘இலவசமாகச் சுருக்கித் தருகிறோம்’ என்ற முன்பின் தெரியாத தளங்களில் ஆதாரையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஏற்றாதீர்கள்.

வாசகர், திருச்செங்கோடு: ஃபாரத்துல ‘லாஸ்ட் நேம்’ கட்டாயம்ங்கறாங்க. எனக்கு இனிஷியல் மட்டுந்தான் இருக்கு.

ஒரே விடை எல்லா ஃபாரத்துக்கும் பொருந்தாது. அந்த ஃபாரம் எந்த அட்டையோடு ஒப்பிடப் போகிறதோ, அதில் உள்ளபடியே, அதே வரிசையில், அதே இடைவெளியில் எழுதுங்கள். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், அங்கே இனிஷியலை ஏற்பதில்லை, விரித்து எழுத வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர் அந்தப் பெயரையே கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டு முதல் கட்டத்தைக் காலியாக விடலாம். பாஸ்போர்ட்டில் தலைகீழ்: பெயரைக் ‘கிவன் நேம்’ கட்டத்தில் எழுதி, ‘சர்நேம்’ கட்டத்தைக் காலியாக விடலாம். இனிஷியலுக்குப் பின் வைக்கும் புள்ளியைப் பல ஃபாரங்கள் ஏற்பதில்லை, புள்ளிக்குப் பதில் ஒரு ஸ்பேஸ் விடுங்கள். ஒரு முறை ஒரு மாதிரி, இன்னொரு முறை வேறு மாதிரி எழுதுவதுதான் பின்னால் ஆதார்-பான் இணைப்பில் மாட்டிக்கொள்ளும்.

மஞ்சள் மண்டி, ஈரோடு: பில் போடற டேப், சார்ஜ்ல இருந்தா கை படாத பட்டனெல்லாம் தானா அமுங்குதுங்க. ஒயரைப் புடுங்குனா நல்லா இருக்குது.

டச் ஸ்கிரீன் விரலால் ஏற்படும் மிகச் சிறிய மின்மாற்றத்தை அளந்துதான் வேலை செய்கிறது. மட்டமான சார்ஜரிலிருந்து கசியும் மின் இரைச்சல் அந்த அளவையைக் குழப்பும். பவர் பேங்கில் செருகிப் பாருங்கள். அப்போது ஒழுங்காக இருந்தால் டேப்பில் குறையில்லை, சார்ஜரை மாற்றுங்கள். புதிது வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பவர் பேங்கிலும் குதித்தால் திரையின் மேல் ஒட்டிய கண்ணாடியின் ஓரத்தில் மஞ்சள் தூசியும் வியர்வையும் சேர்ந்திருக்கலாம். துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும், திரையில் நேராகத் தண்ணீர் தெளிக்கக் கூடாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. கல்லாவில் நாள் முழுக்க சார்ஜிலேயே கிடக்கும் டேப், சித்திரை வெயிலில் பேட்டரி உப்பும். 100 சதவீதத்திலேயே நிற்பதும் சூடும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் கெடும். செட்டிங்ஸில் பேட்டரி பகுதியில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். பின்பக்கம் புடைத்தோ, திரை ஓரம் தூக்கியோ தெரிந்தால் அந்த நிமிடமே சார்ஜை எடுத்துவிட வேண்டும். அழுத்திப் பார்ப்பதும் குத்திப் பார்ப்பதும் தீயில் முடியும்.

லாரி உரிமையாளர், நாமக்கல்: வண்டிக்கு அபராதம்னு வாட்ஸ்ஆப்புல ஒரு ஃபைல் வந்துது. தொட்டதும் என்னமோ இன்ஸ்டால் ஆயிருச்சு. இப்ப போன் தானா மெசேஜ் அனுப்புது. பணம் எதுவும் போகலை. என்ன பண்றது?

இதைப் படிக்கும்போதே ஏரோபிளேன் மோடைப் போட்டு வைஃபையையும் நிறுத்துங்கள். ‘ஏபிகே’ என்று முடியும் கோப்பு அது. உங்கள் எஸ்.எம்.எஸ்.ஸைப் படித்து ஓ.டி.பி.யை வேறொருவனுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. இன்டர்நெட் இல்லாவிட்டால் அதற்குக் கை கால் கட்டியது போல.

அடுத்து வேறொரு போனிலிருந்து உங்கள் வங்கிக்கு அழைத்து நெட் பேங்கிங், யு.பி.ஐ., கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். எண்ணைப் பாஸ்புக்கிலிருந்தோ கார்டின் பின்புறத்திலிருந்தோ எடுங்கள், கூகுளில் தேடி எடுக்காதீர்கள். பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள். நேரம் கடக்கக் கடக்க அந்தப் பணம் கணக்கு கணக்காகத் தாவிவிடும்.

பிறகு ஆப்பை எடுப்பது. பல போன்களில் பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் ‘பவர் ஆஃப்’பை நீண்ட நேரம் அழுத்தினால் ‘சேஃப் மோட்’ கேட்கும். அதில் நாமாக நிறுவிய ஆப் எதுவும் ஓடாது. செட்டிங்ஸில் ‘டிவைஸ் அட்மின் ஆப்ஸ்’ என்று தேடி அந்தத் திருட்டு ஆப்புக்கு இருக்கும் டிக்கை எடுங்கள். அதை எடுக்காமல் அன்இன்ஸ்டால் ஆகாது. ‘ஆக்சசிபிலிட்டி’யிலும் அதற்கு அனுமதி இருந்தால் நிறுத்திவிட்டு, பிறகு ஆப்பை நீக்குங்கள். பெயரே இல்லாமலோ, அரசுச் சின்னத்தோடோ ஒளிந்திருக்கும், நிறுவிய தேதியைப் பார்த்துப் பிடிக்கலாம். சேஃப் மோடிலும் நீங்கவில்லை என்றால் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ரீசெட் போடுங்கள். முதலில் சொன்ன ஒன்றே ஒன்று இதுதான்.

சிக்னலைத் திரும்பக் கொடுத்ததும் *#21# அடித்து உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா பாருங்கள். இருந்தால் ##002# அடித்தால் எல்லாத் திருப்பலும் ரத்தாகும். வாட்ஸ்ஆப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் யு.பி.ஐ. பின்னையும் சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். உங்கள் பெயரில் அதே ஃபைல் ஒரம்பரை (சொந்தக்காரர்கள்), டிரைவர் குரூப் எல்லாவற்றுக்கும் போயிருக்கும், தொடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள். உண்மையான அபராதம் இருக்கிறதா என்பதைப் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணை அடித்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்காக யாரும் ஏபிகே அனுப்புவதில்லை.

தேங்காய் வியாபாரி, பொள்ளாச்சி: யு.பி.ஐ.ல மரமேறிக்குக் கூலி அனுப்புனேன். என் கணக்குல கழிஞ்சுருச்சு, அவருக்குப் போகலை.

‘பெண்டிங்’ என்று இருக்கும்போது மறுபடி அனுப்பாதீர்கள், இரண்டு முறை போய்ச் சேர்ந்தால் திரும்ப வாங்குவது உங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதாகிவிடும். ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் சேராவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி அனுப்பிய நாளுக்கு அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். கேட்காமலே தர வேண்டியதுதான், ஆனாலும் கேளுங்கள். ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து 12 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு அங்கேயே புகார் கொடுங்கள், அதே எண்ணோடு வங்கியிலும். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448. ‘பணம் திரும்ப வர பின்னைப் போடுங்கள்’ என்று யார் சொன்னாலும் திருடன்தான். பணம் வாங்க பின் தேவையில்லை.

பள்ளி ஆசிரியை, கோவை: பெற்றோருக்கு கூகுள் ஃபாரம் அனுப்பினேன். பாதிப் பேருக்குத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டாவது பிள்ளைக்கு நிரப்ப முடியவில்லை.

இரண்டும் உங்கள் பக்கத்து செட்டிங்ஸ். பள்ளி தந்த மின்னஞ்சலில் ஃபாரம் செய்திருந்தால் ‘அந்த அமைப்பில் உள்ளவர்களுக்கு மட்டும்’ என்ற பூட்டு இயல்பாகவே விழுந்திருக்கும், அதை எடுங்கள். ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்பது ஒரு கூகுள் கணக்குக்கு ஒரு பதில் என்று பொருள். வீட்டுக்கு ஒரு போன் இருக்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. போட்டோ ஏற்றச் சொல்லும் கேள்வி ஒன்று இருந்தாலும் லாக்இன் கட்டாயமாகிவிடும். அந்தப் படங்கள் எல்லாம் உங்கள் கூகுள் டிரைவ் இடத்தில்தான் வந்து நிறையும். மின்னஞ்சல் சேகரிப்பதை ‘வெரிஃபைடு’ என்பதிலிருந்து ‘ரெஸ்பாண்டர் இன்புட்’ என்று மாற்றினால் லாக்இன் கேட்காது. பிறகு உங்கள் கணக்கு இல்லாத வேறொரு போனில் ஒரு முறை நிரப்பிப் பார்த்துவிட்டு குரூப்பில் போடுங்கள்.

வாசகர், காங்கேயம்: பீரோவுல ஒரு வருஷம் கெடந்த டேப்பை எடுத்தா, எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பில்லை’ன்னு சிவப்பா வருது.

தேதியைப் பாருங்கள். சார்ஜ் முழுதாக வற்றிப்போனால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போயிருக்கும். தளத்தின் சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது, அதனால் எல்லாத் தளமும் போலி என்று டேப் நினைக்கிறது. நேரத்தை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கினால் தீர்ந்தது. தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் மறுத்தால், டேப் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கும் முந்தையதா என்று பாருங்கள். தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் அமைப்பான லெட்ஸ் என்கிரிப்டின் சான்றிதழ் வைத்திருக்கும் தளங்களை 2024-க்குப் பிறகு அவை நம்புவதில்லை. அந்த டேப்பைப் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம், வங்கி வேலைக்கு ஆகாது.

ஓய்வு பெற்ற ஆசிரியர், தாராபுரம்: பிறந்த தேதி கேட்கும் கட்டத்தில் காலண்டர் வருகிறது. 1956-க்குப் போக மாதம் மாதமாகத் தள்ளிக் கை வலிக்கிறது.

காலண்டரின் மேலே வருடம் எழுதியிருக்கும் இடத்தைத் தொடுங்கள். வருடங்களின் பட்டியல் விரியும், அதை நகர்த்தி 1956-ஐத் தொட்டுவிட்டு மாதத்தையும் நாளையும் தேர்ந்தெடுங்கள்.